ஆறரை மணி

டுலூத்தில் ஏரி உறையும் மாதம்.
மைனஸ் இருபத்தாறு என்கிறது எதிர் வங்கியின் பலகை.
அதற்குக் கீழே போனால்
பலகையே அணைந்துவிடும்.

நான் இரவுப் பணியாள்.
மேசை, பதிவேடு, ஆறிப்போன காபி,
இழுப்பறையில் நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பான் இரண்டு.
மேலே நாற்பத்து நான்கு அறைகள்.
குடித்திருந்தாலும், குடிக்காவிட்டாலும்,
காதுக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தாலும்
இங்கே அறை கொடுத்தால் கொடுத்ததுதான்.
இந்த ஒரு வரிக்காக
நகரசபையில் ஒன்பது வருடம் சண்டை நடந்தது.

நவம்பரில் வந்தார் வெண்டல் நிஸ்கனன்.
இரும்புத் தாதுக் கப்பலில் வேலை பார்த்தவர்.
பிறகு முதுகு,
பிறகு மாத்திரை,
பிறகு டாக்டர் மாத்திரை எழுத மறுத்த நாள்,
பிறகு நெடுஞ்சாலைப் பாலத்தடியிலும் காப்பகத்திலுமாகப்
பதினோரு குளிர்காலம்.
படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டிருந்தார்
தாள் கிழிய.

முப்பத்திரண்டாம் எண் சாவியைக் கொடுத்தேன்.
மீன் வாங்குகிறவர் போல
கையில் வைத்து எடை பார்த்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குக்
கீழே வந்து நின்றார்.
முதுகில் பை, காதுவரை இழுத்த தொப்பி.
சாவியை மேசைமேல் வைத்தார்.
"இரவுக்கு நன்றி."

காப்பகத்துச் சட்டம் அது.
ஆறரைக்கு விளக்குப் போடுவார்கள்,
ஏழுக்கு எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும்,
சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி வரிசை.

பகலிலும் அது உங்கள் அறைதான் வெண்டல், என்றேன்.
தலையாட்டினார். சாவியை எடுத்துக்கொண்டார்.
அதற்கு மறுநாள் ஆறரைக்கு
பை. தொப்பி. சாவி.
"இரவுக்கு நன்றி."

கட்டில் விரிப்பு கலையவே இல்லை என்றாள்
கூட்டிப் பெருக்க வரும் ஒடெட்.
கதவை ஒட்டித் தரையில் படுக்கிறாராம்,
பூட்ஸைக் கழற்றாமல்.
எழுப்பி விரட்டினால் நேரம் மிச்சம்.

முதல் பஸ்ஸில் மெத்தடோன் வரிசைக்குப் போவார்.
சிவப்புத் திரவத்தைச் செவிலியின் எதிரே விழுங்கி
சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவார்.
செவ்வாய்க்கிழமை ஆலோசகர் மார்வா.
அவளிடம் வானிலை மட்டுமே பேசுவார்.
அவளும் மெனக்கெட்டு எழுதிக்கொள்வாள்:
இன்று காற்று வடகிழக்கு.

டிசம்பரில் பத்தொன்பதாம் அறை. டெல்லா.
தெளிப்பான் இரண்டையும் அடித்தேன்.
அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரியில் ஒரு வியாழன்.
ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது.
என்னை விடுவிக்க வேண்டியவனின் கார்
எங்கோ புதைந்து கிடந்தது.
ஆறரை ஆயிற்று.
படியில் பூட்ஸ் சத்தம் இல்லை.
ஆறே முக்கால்.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
ஏழு அடித்ததும்
இழுப்பறையை இழுத்த வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது.

மூன்று மாடி.
பத்தொன்பதைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
முப்பத்திரண்டை இரண்டு கையாலும் இடித்தேன்.
வெண்டல். வெண்டல்.
மாற்றுச் சாவி துளையில் நுழைய மறுத்தது,
நடுங்கியது சாவியா என் கையா.

கதவு திறந்தது.
கன்னத்தில் தலையணைச் சுருக்கம்.
காலில் பூட்ஸ் இல்லை;
காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
"மணி என்ன?"
ஏழு.
"க்ளினிக் பதினொன்று வரைக்கும் இருக்கும்.
இன்னும் விடியக்கூட இல்லை.
யார் வீட்டுக் கதவென்று நினைத்து
இந்த இடி இடிக்கிறாய்?"

உங்கள் வீட்டு, என்று தொடங்கினேன்.
சாத்திவிட்டார்.
உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இறங்கும்போது இரண்டாம் மாடிப் படியில்
சற்று உட்கார்ந்தேன்.
தெளிப்பான் இன்னும் கையில் இருந்தது,
என் சூட்டில் வெதுவெதுப்பாக.

பிறகு கீழே வந்து
பதிவேட்டில் ஆறரைக்கு நேரே எழுதினேன்:
ஒன்றும் நடக்கவில்லை.